அலாரம் அலறட்டும், ஆனால் திருடனுக்கு மட்டும்!
காருக்கும் வேனுக்கும் ஏற்ற சென்சாரைப் பொறுக்குவது எப்படி? திருத்தி வைப்பது எப்படி?

மும்பையில் நள்ளிரவில் கார் அலாரம் கேட்டால் யாராவது எழுந்து பார்க்கிறார்களா? கிடையாது. "சனியன், மறுபடியும் ஆரம்பித்துவிட்டது" என்று தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு புரண்டு படுக்கிறார்கள்.

பூனை பானெட்டில் குதித்தால் அது கத்துகிறது. பக்கத்தில் லாரி போனால் கத்துகிறது. தீபாவளிக்கு ஒரு லட்சுமி வெடி வெடித்தால் தெருவில் நிற்கிற வண்டிகள் எல்லாம் ஒன்று சேர்ந்து கத்துகின்றன. ஒரு நாள் திருடன் கண்ணாடியை உடைக்கும்போதும் கத்துகிறது. அன்றைக்கும் யாரும் எழுந்திருப்பதில்லை!

புலி வருகிறது, புலி வருகிறது என்று ஊரை ஏமாற்றிய பையன் கதைதான். ஒரு வித்தியாசம்: அந்தப் பையன் வேண்டுமென்றே ஏமாற்றினான். இங்கே வண்டிக்காரருக்குத் தம் வண்டி பொய் சொல்கிறது என்பதே தெரியாது. அவர் நாலாவது மாடியில் தூங்கிக்கொண்டிருக்கிறார்.

வயிற்றுப்பாட்டுச் சமாசாரம்

கார் என்றால் முதலாளிமார் சொத்து என்றிருந்த காலம் போய்விட்டது. தாராவி, சயான், செம்பூர், ஆண்டாப் ஹில் பக்கம் போய்ப் பாருங்கள். இட்லி சப்ளைக்கு ஒரு வேன், வாடகைக்கு ஒரு டாக்சி, துணி மூட்டை ஏற்ற ஒரு டெம்போ என்று நம்மவர்கள் வைத்திருக்கிறார்கள். சீட்டு எடுத்து, நகையை வைத்து, மீதிக்குக் கடன் வாங்கிச் சேர்த்த வண்டி. அதற்குக் கொட்டகை கிடையாது. தெரு ஓரம்தான் அதன் வீடு.

வண்டி போனால் தவணை போவதில்லை. அது மாதம் தவறாமல் வந்து நிற்கும். காப்பீட்டுப் பணம் கைக்கு வருவதற்குள் வாடிக்கைகள் வேறு ஆளிடம் போய்விடும். அதனால்தான் பலரும் கையைக் கடித்தாலும் பரவாயில்லை என்று அலாரம் மாட்டுகிறார்கள். மாட்டிய பிறகு அதைத் திருத்தி வைப்பவர்கள் குறைவு. காசு கொடுத்து வாங்கிய காவல்காரனுக்கு வேலை சொல்லித் தராமல் விடுவது போல!

உள்ளே இருப்பது என்ன?

அலாரத்தில் முக்கியமாக மூன்று பாகங்கள். கத்துவது சைரன். எப்போது கத்தலாம் என்று தீர்மானிப்பது டாஷ்போர்டுக்குக் கீழே ஒளித்து வைக்கும் கன்ட்ரோல் பெட்டி. அந்தப் பெட்டிக்குக் கண்ணும் காதுமாக இருப்பவை சென்சார்களும் கதவு சுவிட்சுகளும்.

சைரனை எல்லோரும் சோதித்து வாங்குகிறார்கள். "எவ்வளவு சத்தம் போடும்?" என்பதுதான் முதல் கேள்வி. "எதற்காகச் சத்தம் போடும்?" என்று யாரும் கேட்பதில்லை. அதைத் தீர்மானிப்பது சென்சார்தான். அவற்றில் நான்கு வகைகளை நாம் தெரிந்துகொண்டால் போதும்.

1. அதிர்வு சென்சார்

கடையில் கிடைக்கும் அலாரங்களில் பெரும்பாலானவற்றோடு வருவது இதுதான். தீப்பெட்டி அளவுள்ள ஒரு டப்பா. சிலவற்றின் உள்ளே ஒரு சிறு காந்தம் கம்பிச் சுருளின் அருகே ஆடும்படி இருக்கும். வண்டி அதிர்ந்தால் காந்தம் ஆடும். ஆடினால் கம்பிச் சுருளில் துளி மின்சாரம் உண்டாகும். வேறு சிலவற்றில், அழுத்தினால் மின்சாரம் தரும் ஒரு சிறிய வட்டத்தகடு அதே வேலையைச் செய்யும்.

இதில் இரண்டு கட்டம் உள்ளதாகப் பார்த்து வாங்குவது நல்லது. லேசான தட்டலுக்கு நாலைந்து முறை 'கீச், கீச்' என்று எச்சரித்து நிறுத்திக்கொள்ளும். பலமான அடி விழுந்தால்தான் முழுச் சைரனும் அலறும். ஒரே கட்டம் உள்ளதோ தொட்டாலும் அலறும், உடைத்தாலும் அலறும்.

2. சாய்வு சென்சார்

ஜாக்கி வைத்துச் சக்கரத்தைக் கழற்றுகிறவன் வண்டியைத் தட்டுவதில்லை, குலுக்குவதில்லை. மெதுவாகத் தூக்குகிறான். அதிர்வு சென்சார் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும். கட்டி இழுத்துச் செல்லும்போதும் அப்படி ஏமாறலாம்.

இந்த இடத்தில்தான் சாய்வு சென்சார் உதவும். வண்டியைப் பூட்டும்போது எந்தச் சாய்வில் நிற்கிறதோ அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அதிலிருந்து ஓரிரு டிகிரி மாறினால் கத்தும். ஒரு சிறு கணக்கு பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே 2.4 மீட்டர் உள்ள காரின் ஒரு முனையை 5 சென்டிமீட்டர் தூக்கினால் சாய்வு சுமார் 1.2 டிகிரி மாறும். அகலவாக்கில் சக்கரங்களுக்கு இடையே 1.3 மீட்டர் என்றால், ஒரு பக்கத்தை அதே 5 சென்டிமீட்டர் தூக்கும்போது 2.2 டிகிரி மாறும். சக்கரம் தரையைவிட்டுக் கிளம்புவதற்கு முன்பே சென்சாருக்குத் தெரிந்துவிடும்.

பாதரசக் குமிழ் வைத்த பழைய மாதிரிகளை வண்டி நிற்கும் தரைக்குத் தக்கபடி வைக்க வேண்டும். சரிவில் நிறுத்தினால் தொல்லை. பூட்டும்போது தானே கணக்கு எடுத்துக்கொள்ளும் புது மாதிரியையே கேட்டு வாங்குங்கள்.

3. அல்ட்ராசானிக் சென்சார்

முன் கண்ணாடியின் இரு ஓரங்களிலும் சிறு பொத்தான் போல இரண்டு தெரியும். ஒன்று ஒலி அலையை அனுப்பும், மற்றொன்று வாங்கும். மனிதக் காதுக்கு எட்டும் உச்சி சுமார் 20,000 அதிர்வு. இதுவோ விநாடிக்கு 40,000 என்ற கணக்கில் வேலை செய்கிறது. அதனால் நமக்குக் கேட்பதில்லை. வண்டிக்குள் ஏதாவது அசைந்தால் திரும்பி வரும் அலை மாறும். அலாரம் அலறும்.

கண்ணாடியை உடைத்துக் கைவிடுகிறவனைப் பிடிக்க இது கெட்டிக்காரச் சாதனம். ஆனால் கண்ணாடிகள் முழுக்க மூடியிருக்க வேண்டும். வெயிலுக்காக அரை அங்குலம் இறக்கி வைத்தால் காற்று புகுந்து காரியத்தைக் கெடுக்கும். இன்னொன்று: நம்மவர்கள் வண்டியில் முருகன் படத்துக்கு மாலை தொங்கும், கண்ணாடியில் ஒரு ருத்திராட்சம் ஆடும். பூட்டும்போது அவை ஆடிக்கொண்டிருந்தால் சென்சாருக்குத் திருடனும் ஒன்றுதான், மாலையும் ஒன்றுதான்! ஆடாமல் கட்டிவிடுங்கள். குழந்தையை உள்ளே விட்டுப் பூட்டக் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. அலாரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கூடாது.

4. மைக்ரோவேவ் சென்சார்

இது ரேடார் இனத்தைச் சேர்ந்தது. இதன் அலை கண்ணாடி, துணி, பிளாஸ்டிக் ஆகியவற்றை ஊடுருவும். உலோகத்தில் பட்டுத் திரும்பும். ஆகவே வண்டிக்கு வெளியே ஒருவர் நெருங்கி வந்தாலும் இதற்குத் தெரியும். துணிக்கூரை போட்ட ஜீப்புக்கு, கண்ணாடியே இல்லாத வண்டிக்கு இது ஏற்றது.

குறுகலான சந்தில் நிறுத்தும் வண்டிக்கு வேண்டாம். தண்ணீர்க் குடத்தோடு போகிற ஒவ்வொருவருக்கும் அது 'கீச்' என்று குரல் கொடுக்கும். மழைக்காலத்தில் கண்ணாடியில் வழியும் தண்ணீரே சில வேளை அதைக் கிளப்பிவிடும்.

உங்கள் வண்டி எங்கே நிற்கிறது?

"எந்தச் சென்சார் நல்லது?" என்று கேட்பதற்கு முன்னால், "என் வண்டி இரவில் எங்கே நிற்கிறது, எது போய்விடும் என்று பயப்படுகிறேன்?" என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

வாட்ச்மேன் உள்ள சொசைட்டி வளாகத்துக்குள் நிற்கும் காருக்கு இரண்டு கட்ட அதிர்வு சென்சாரும் கதவு, பானெட், டிக்கி சுவிட்சுகளும் போதும். 90 அடி ரோடு, 60 அடி ரோடு மாதிரி இரவிலும் லாரி ஓடும் சாலையோரம் நிற்கிற டாக்சிக்கு அதிர்வு சென்சாரைக் குறைத்து வைத்து, அல்ட்ராசானிக்கைச் சேர்த்துக்கொள்ளலாம். லாரியின் அதிர்ச்சியை வண்டிக்குள் ஆள் நுழைந்ததாக அது எடுத்துக்கொள்வது குறைவு. ஆளில்லாத மைதானத்து ஓரம் நிற்கும் புதுச் சக்கர வண்டிக்குச் சாய்வு சென்சார் அவசியம். பின்பக்கம் திறந்த டெம்போவுக்கு அல்ட்ராசானிக் வாங்கினால் பணம் தண்டம்.

இடத்தைப் பார்க்காமல் நாலையும் வாங்கி மாட்டுகிறவர்களும் உண்டு. காவல்காரர் நாலு பேர் சேர்ந்து கூச்சல் போட்டால் யார் சொல்வது நிஜம் என்று யாருக்குத் தெரியும்?

பொருத்தும் இடம்

குர்லா சி.எஸ்.டி. ரோடிலோ லாமிங்டன் ரோடிலோ வாங்கி, அங்கேயே மாட்டிக்கொண்டு வருவதுதான் நம்மவர் வழக்கம். மெக்கானிக் மாட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள். அதிர்வு சென்சாரை டாஷ்போர்டுக்கு உள்ளே, வண்டியின் நடுப்பக்கமாக, கெட்டியான இரும்புப் பட்டையோடு திருகு போட்டு இறுக்க வேண்டும். பிளாஸ்டிக் மூடியில் ஒட்டினால் ஒரு பக்கம் தட்டினால் தெரியும், மறுபக்கம் உடைத்தாலும் தெரியாது. மெல்லிய தகட்டில் மாட்டினால் மழைத்துளிக்கும் கத்தும். என்ஜின் பக்கம் மாட்டினால் சூட்டிலும் தண்ணீரிலும் சீக்கிரம் கெடும்.

திருகும் குமிழ் பிறகு எட்டாத இடத்துக்குப் போய்விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் டாஷ்போர்டைப் பிரிக்க வேண்டியிருந்தால் திருத்துகிற ஆசையே போய்விடும். புது வண்டியானால், ஒயரை வெட்டி மாட்டினால் கம்பெனி உத்தரவாதம் என்ன ஆகும் என்பதையும் முன்கூட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

திருத்துவது எப்படி?

கடையில் வைத்த அளவிலேயே விட்டுவிடுவதால்தான் பாதித் தொல்லை. கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. விரலால் தொட்டதும் கத்தினால்தானே வாங்குகிறவர் "பேஷ், நல்ல அலாரம்" என்கிறார்! அந்தக் கூர்மை கடை வாசலுக்குச் சரி. தெருவுக்கு ஆகாது.

வண்டியை வழக்கமாக நிறுத்தும் இடத்திலேயே நிறுத்துங்கள். பகலில், அக்கம்பக்கத்தாரிடம் சொல்லிவிட்டு, கீழ்க்கண்டபடி செய்யுங்கள்.

முதலில் கதவு, பானெட், டிக்கி ஒவ்வொன்றையும் பூட்டிய நிலையிலிருந்து திறந்து பாருங்கள். ஒவ்வொன்றுக்கும் அலாரம் வர வேண்டும். துருப்பிடித்த கதவு சுவிட்சினால் வரும் பொய் அலாரத்துக்குச் சென்சார் மேல் பழி விழுவது உண்டு.

இரண்டாவது, சென்சாரின் குமிழை மிகக் குறைந்த அளவுக்குத் திருப்புங்கள். பூட்டிவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள். பூட்டிய உடனே சென்சார் விழித்துக்கொள்வதில்லை. அதற்குச் சில விநாடி அவகாசம் வைத்திருப்பார்கள்.

மூன்றாவது, கண்ணாடிக்குப் பக்கத்திலுள்ள தூணில் உள்ளங்கையின் ஓரத்தால் தட்டுங்கள். தகட்டில் குத்தினால் பள்ளம் விழும், கண்ணாடியின் நடுவில் குத்தினால் கையும் போகும். ஒன்றும் கேட்கவில்லையா? குமிழை அரைக்கால் சுற்று மட்டும் கூட்டுங்கள். மறுபடி பூட்டி, மறுபடி காத்திருந்து, மறுபடி தட்டுங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாகத் திருப்பினால் அளவு பிடிபடாது.

நான்காவது, கதவைத் தட்டுவது போன்ற தட்டலுக்குக் 'கீச்' ஒலியும், கை வலிக்கிற மாதிரி தட்டினால் முழுச் சைரனும் வரும் இடத்தில் நிறுத்துங்கள். நாலு மூலையிலும் தட்டிப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் ஊமையாக இருந்தால் சென்சார் மாட்டிய இடம் சரியில்லை என்று பொருள். குமிழைக் கூட்டி அதைச் சரி செய்ய முயலக் கூடாது.

ஐந்தாவதாக உள்ள சோதனையைப் பலரும் செய்வதில்லை. திருடன் இல்லாதபோது அது சும்மா இருக்கிறதா என்று பார்ப்பதுதான் அது. கனமான லாரி ஒன்று போகட்டும், பஸ் ஒன்று போகட்டும். சுனாபட்டி, ஜி.டி.பி. நகர் பக்கம் தண்டவாளத்தை ஒட்டி நிறுத்துகிறவர்கள் லோக்கல் ரயிலை வைத்துச் சோதித்தால் மட்டும் போதாது. பாரம் ஏற்றிய சரக்கு ரயிலில் ஓர் அச்சுக்கு 20 டன்னுக்கு மேல் எடை இருக்கும். தரை அதிரும் விதமே வேறு. அது பகலிலும் வரும், நடு இரவிலும் வரும். அதற்கும் அசையாமல் இருந்தால்தான் திருத்தம் முடிந்தது. அசைந்தால் குமிழை அரைக்கால் சுற்று குறையுங்கள்.

கண்ணாடியைத் தட்டினால் தெரிய வேண்டும், சரக்கு ரயிலுக்குத் தெரியக் கூடாது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்காவிட்டால் அந்த இடத்துக்கு அதிர்வு சென்சார் பொருத்தமில்லை. வேறு வகையைப் பாருங்கள்.

மைக்ரோவேவ் ஆனால், கண்ணாடிக்கு வெளியே நிற்கும் ஆளுக்கு எதுவும் கேட்கக் கூடாது, கை உள்ளே நீண்டால் கேட்க வேண்டும் என்று வையுங்கள். அல்ட்ராசானிக் ஆனால், ஒரு கண்ணாடியைச் சாண் அளவு இறக்கி, பூட்டிவிட்டு, காத்திருந்து, கையை உள்ளே விட்டு ஆட்டிப் பாருங்கள். சோதனை முடிந்ததும் கண்ணாடியை ஏற்ற மறக்க வேண்டாம்.

மழைக்கு முன்பு ஒரு தடவை, கணபதி விழாவுக்கு முன்பு ஒரு தடவை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்வது நல்லது. திருகு தளரும், ரப்பர் இறுகும். விசர்ஜன ஊர்வலத்தின் டோல் தாசாவுக்கும் தீபாவளி வெடிக்கும் எந்த அதிர்வு சென்சாரும் தாக்குப் பிடிப்பது கடினம். அந்த இரவுகளில் அதிர்வு சென்சாரை மட்டும் ஓய்வில் விட்டு, கதவுகளை மட்டும் காவல் காக்கும்படி பூட்டப் பல மாதிரிகளில் வழி உண்டு. வாங்கும்போதே அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகிறவர்களுக்கு

கோயில் கொடைக்கும் கோடை விடுமுறைக்கும் ஒரு மாதம் ஊருக்குப் போகிறவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்கவும். பூட்டிய அலாரம் சும்மா இருக்கும்போதும் மின்சாரம் குடிக்கும். 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் நாள் ஒன்றுக்கு 0.72 ஆம்பியர் மணி. முப்பது நாளில் 21.6. சிறிய காரின் பேட்டரியே 35 ஆம்பியர் மணிதான். திரும்பி வரும்போது வண்டி கிளம்பாது.

அது மட்டுமா? பேட்டரி இறங்க இறங்கச் சில அலாரங்கள் காரணமில்லாமல் கத்த ஆரம்பிக்கும். நீங்கள் திருநெல்வேலியில் இருப்பீர்கள், ரிமோட்டும் உங்கள் பையில் இருக்கும். தெருவே உங்களைத் திட்டும்! நம்பிக்கையான ஒருவரிடம் சாவியும் ரிமோட்டும் கொடுத்து, வாரம் ஒரு தரம் வண்டியைச் சிறிது தூரம் ஓட்டச் சொல்லிவிட்டுப் போங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரும் மனிதர்தான்

சைரன் பெட்டியின் மேல் 110 டெசிபெல், 120 டெசிபெல் என்று பெருமையாக அச்சிட்டிருப்பார்கள். 2000-ம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வைத்திருக்கும் அளவு 45 டெசிபெல்.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். சாலில் சுவருக்குச் சுவர் ஒட்டி வாழ்கிறோம். இரண்டாவது ஷிப்டு முடித்து வந்து படுத்தவர் இருப்பார், பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கும், கைக்குழந்தைக்காரி இருப்பாள். வண்டி நம்முடையது, தூக்கம் அவர்களுடையது. சைரன் ஒரு தடவைக்கு அரை நிமிடத்தோடு நிற்கும்படி வைக்க முடிந்தால் வையுங்கள். வண்டியின் கண்ணாடியில் உங்கள் போன் நம்பரை எழுதி வைக்கலாம். கீழ் வீட்டு அண்ணாச்சியிடம், "இது அலறினால் நிஜமாகத்தான் அலறும், ஒரு குரல் கொடுங்கள்" என்று சொல்லி வையுங்கள். சொல்கிறபடி அது நடந்துகொண்டால் அவர் கட்டாயம் எட்டிப் பார்ப்பார்.

அலாரம் மட்டும் போதுமா?

போதாது. அமெரிக்காவில் காப்பீட்டு இழப்புகளை ஆராயும் ஹைவே லாஸ் டேட்டா இன்ஸ்டிடியூட் 1997-ல் சொன்ன முடிவு: அலாரம் உள்ள கார்களில் திருட்டு இழப்பு மொத்தத்தில் குறைந்ததாகத் தெரியவில்லை. சரியான சாவி இல்லாமல் என்ஜினைக் கிளம்பவே விடாத இம்மொபிலைசர் வேறு ரகம். ஐரோப்பாவில் 1998 அக்டோபரிலிருந்து புதிய கார்களில் அது கட்டாயமாக்கப்பட்டது. இந்தியாவிலும் இன்றைய கார்கள் பலவற்றில் கம்பெனியிலேயே வருகிறது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் முதல் பணத்தை அதற்கு ஒதுக்க வேண்டும். கூடவே ஸ்டியரிங்குக்கோ கியருக்கோ ஓர் இரும்புப் பூட்டு. அதற்குப் பிறகுதான் அலாரம்.

பூனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. நிறுவனம் ஒப்புதல் அளித்த திருட்டுத் தடுப்புச் சாதனத்துக்கு, சொந்தச் சேதப் பிரிமியத்தில் 2.5 சதவீதம், அதிகபட்சம் 500 ரூபாய் வரை தள்ளுபடி என்று 2002-ன் மோட்டார் டாரிஃபில் வைத்திருந்தார்கள். உங்கள் காப்பீட்டு நிறுவனம் இன்று என்ன தருகிறது என்று கேளுங்கள். மாட்டியதற்கான சான்றிதழையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள்.

இம்மொபிலைசர் வண்டியைப் போகவிடாது. ஆனால் உள்ளே இருக்கும் டேப்பையும், சீட்டுக்கு அடியில் வைத்த வசூல் பையையும், புதுச் சக்கரத்தையும் அது காப்பாற்றாது. அதற்கு ஒரு மனிதர் எழுந்து ஜன்னலைத் திறக்க வேண்டும். அவரைப் பத்து இரவு பொய்யாக எழுப்பினால் பதினோராவது இரவு வர மாட்டார். குமிழை அரைக்கால் சுற்று குறைக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போதும்!